சினி பால்ஸ் பக்கத்தில் இருபது வருஷம்

என் தாய்மாமா முப்பது வருஷமாக வைத்திருந்த மீசையை ஒரே ஒரு முறைதான் எடுத்தார். 2008 மே மாதம், ஒகேனக்கல்லில், விடிவதற்கு முன்னால், மேக்கப்மேன் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டார். கதைப்படி கதாநாயகி தானே பரிசல் ஓட்டிப் போய், அக்கரையில் அடிபட்டுக் கிடக்கும் நாயகனைக் கூட்டி வர வேண்டும். வந்திருந்த நடிகைக்கு நீச்சல் தெரியாது. தூரத்து ஷாட்டுக்கெல்லாம் பரிசல் ஓட்டுகிற மாமாதான் டூப். அதே பச்சைப் புடவை, அதே நீளத்துக்குச் சவுரி, லைஃப் ஜாக்கெட் வெளியே தெரியாதபடி தொளதொளவென்று ஒரு முழுக்கை ரவிக்கை.

"மீசையை முந்தானையால மறைச்சிக்கலாம்ணா" என்றார் உதவி இயக்குநர்.

"நடு ஆத்துல காத்து அடிக்கும் தம்பி. முந்தானை விலகுச்சின்னா அந்தப் புள்ளை மூஞ்சில மீசை இருக்கும். எடுத்துருங்க" என்று சொன்னது மாமாதான்.

அந்தப் படத்தை டிவியில் போடும்போதெல்லாம் பரிசல் காட்சியை எங்கள் வீட்டில் எல்லோரும் நின்று பார்ப்போம். திரையில் அது மூன்று நிமிஷம்கூட இல்லை. எடுக்க ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளில் கற்றதை வைத்துத்தான் இன்றுவரை பிழைக்கிறேன்.

எனக்குப் பென்னாகரம். 2003-ல், பதினேழு வயதில், ஒரு யூனிட்டுக்குத் தண்ணீர் கேன் தூக்கப் போனேன். பிறகு புரொடக்‌ஷன் ஆட்களுக்கு வழி காட்டுவது, லாட்ஜ் பிடிப்பது, பரிசல் பேசுவது, கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது என்று மெல்ல மெல்ல 'லோக்கல் மேனேஜர்' ஆகிவிட்டேன். டைட்டில் கார்டில் பெரும்பாலும் எங்கள் பெயர் வராது. மாவட்ட நிர்வாகத்துக்கு நன்றி வரும், ஒகேனக்கல் மக்களுக்கு நன்றி வரும். அந்த 'மக்கள்' நாங்கள்தான்.

ஒகேனக்கல்லில் மெயினருவி, ஐந்தருவி மாதிரி சினி பால்ஸ் என்றும் ஓர் அருவி உண்டு. நீர்வரத்துச் செய்திகளில் அந்தப் பெயரையே எழுதுவார்கள். படப்பிடிப்புகளால் வந்த பெயர் என்று ஊரில் சொல்வோம். ஒகேனக்கல் என்பதே கன்னடப் பேச்சிலிருந்து வந்த பெயர்: ஹொகே என்றால் புகை, கல் என்றால் பாறை. இதை நான் எல்லாப் பயணிகளுக்கும் ஒப்பிப்பேன். அதன் அர்த்தத்தைப் புரியவைத்தவர் ஒரு ஒளிப்பதிவாளர். முதல் நாள் வந்து மூன்று மணி நேரம் கேமராவையே திறக்கவில்லை. பாறையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கேட்டதற்கு, "சூரியன் நமக்குப் பின்னாடி இருந்தா இது வெறும் வெள்ளைத் தண்ணி. சாரலுக்குப் பின்னாடி இருந்தாத்தான் புகை" என்றார். சினிமாவில் மழை எடுக்கும்போதும் இதேதான். லாரித் தண்ணீரை எவ்வளவு பீய்ச்சினாலும், பின்னாலிருந்து விளக்கு அடிக்காவிட்டால் மழை கண்ணுக்கே தெரியாது. ஊருக்குப் பெயர் வைத்த ஆளும் அந்த வெயிலில், அந்தப் பக்கத்தில்தான் நின்றிருக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. இப்போது யார் இடம் பார்க்க வந்தாலும் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை அதே இடத்தில் நிறுத்திக் காட்டாமல் அனுப்புவதில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வந்து மொபைலில் நாலு படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள், ஷூட்டிங் அன்றைக்குப் படாதபாடு படுவார்கள்.

பரிசல் காட்சிக்கு வருகிறேன்.

பரிசல் வட்டமானது. துடுப்பு ஓய்ந்த நொடியில் சுற்ற ஆரம்பித்துவிடும். அதில் கேமராவை வைத்தால் ஒரு ஷாட்டும் நேராக வராது. முதல் நாள் காலை முழுக்க இதிலேயே போனது. கடைசியில் மாமாவும் அவர் கூட்டாளிகளும் மூன்று பரிசல்களை முக்கோணமாக நெருக்கி, மேலே மூங்கில் போட்டு வரிந்து கட்டி, அதன்மேல் பலகை போட்டுக் கொடுத்தார்கள். மூன்றும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டதால் சுற்றவில்லை. யூனிட்டில் விலை உயர்ந்த கிரேன் இருந்தது, தண்டவாளம் போட்டுத் தள்ளும் டிராலி இருந்தது. ஆற்றில் உதவியது மூங்கிலும் கயிறும். அதற்குத் தனிக்கூலி கேட்கலாம் என்றே எங்களுக்கு அன்று தெரியாது. இன்று கேட்கிறோம். இந்தத் தொழிலுக்கு வரும் உள்ளூர்த் தம்பிகளுக்கு இதைச் சொல்லிவிடுகிறேன்: பரிசல் வாடகை வேறு, ஆள் கூலி வேறு, இந்த மாதிரி யோசனை சொல்லிக் கட்டிக் கொடுக்கும் வேலை வேறு. மூன்றையும் முதலிலேயே பிரித்துப் பேசிவிடுங்கள். பேட்டாவை அன்றன்று சாயங்காலமே வாங்கிவிடுங்கள்.

அது பிலிம் காலம். 35 எம்.எம். பிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். 400 அடி ரோல் என்றால் நாலரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆற்றைக் கடக்க மாமாவுக்கு ஆறேழு நிமிஷம் ஆகும். முழுசாக ஓட விட்டால் நடு ஆற்றில் பிலிம் தீர்ந்துவிடும். அதனால் 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன் மாமா பாதி தூரம் போயிருக்க வேண்டும், அதே சமயம் துடுப்பு போட்டபடியே அங்கு நிற்கவும் வேண்டும். ஓடுகிற தண்ணீரில் பரிசலை ஒரே இடத்தில் நிறுத்துவது ஓட்டுவதைவிடக் கஷ்டம். அக்கரையில் நின்று நான் சிவப்புத் துண்டை ஆட்டுவேன். அருவி இரைச்சலில் மைக், விசில் எதுவும் எடுபடாது. அவர் துடுப்பை ஒரு முறை உயர்த்திக் காட்டிவிட்டு நகர்வார். மூன்று டேக். மூன்றாவது ஓகே.

தூரத்து ஷாட் எல்லாம் இரண்டு நாளில் முடிந்தன. மூன்றாம் நாள் நடிகையை வைத்து நெருக்க ஷாட்டுகள். அதற்கு முந்தின இரவு சாப்பிட்டு முடித்ததும் மாமா வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, அஞ்செட்டி பக்கம் மின்னுது. மேனேஜர்கிட்டச் சொல்லி வை."

நான் சொல்லவில்லை. மே மாசம், கோடை, தண்ணீர் ஏறாது என்று நானே யூனிட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதை மாற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது. அது என் தப்பு. இன்றைக்கும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

காலையில் ஆறு அவ்வளவாக ஏறவில்லை. நிறம் மாறியிருந்தது. முந்தின நாள் பாசிப் பச்சையாக ஓடிய தண்ணீர் செங்கல் கரைத்த மாதிரி வந்துகொண்டிருந்தது. அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் பக்கம் கோடைமழை பெய்தால் காட்டோடைகள் எல்லாம் மண்ணை வாரிக்கொண்டு வந்து காவிரியில் கொட்டும். நாங்கள் புதுத்தண்ணி என்று சந்தோஷப்படுவோம். ஒளிப்பதிவாளர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எடுத்த பாதிக் காட்சி பச்சைத் தண்ணீரில். மீதிப் பாதியைச் செந்தண்ணீரில் எடுத்தால், நடிகை முகத்தைக் காட்டும்போது ஒரு ஆறு, தூரத்தில் காட்டும்போது வேறு ஆறு. நிறத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் திருத்தலாம்தானே என்று கேட்டேன். நிறத்தைத் திருத்தலாம், ஆனால் செந்தண்ணீருக்குள் வெளிச்சம் இறங்காது, பச்சைத் தண்ணீரில் அடியில் கல் தெரியும், அந்த ஆழத்தை எந்தப் பெட்டியாலும் கொண்டுவர முடியாது என்று பொறுமையாக விளக்கினார். என்மேல் அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வாய்திறந்து நடந்ததைச் சொல்லிவிட்டேன். மேனேஜர் திட்டினார். திட்டி முடித்ததும், "உங்க மாமாவைக் கூட்டிட்டு வா" என்றார். மாமா கேட்ட ஒரே கேள்வி: "கிட்டத்துல எடுக்கிறதுல அருவி தெரியணுமா?" தெரிய வேண்டாம், முகமும் துடுப்பும் கொஞ்சம் தண்ணீரும் பின்னால் மலையும் தெரிந்தால் போதும். "அப்ப நாகாவதி டேமுக்குப் போலாம். தண்ணி தெளிவா நிக்கும்."

அங்கேதான் மீதி எடுத்தோம். இடுப்பளவுத் தண்ணீரில் நாலு பேர் நின்று, கேமராவுக்குத் தெரியாமல் பரிசலைப் பிடித்து மெல்லச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். கேமராவுக்கு முன்னால் இரண்டு பேர் புங்கங்கிளையைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாக நடப்பார்கள். பார்க்கிறவர் கண்ணுக்குப் பரிசல் வேகமாகப் போவதாகத் தோன்றும். உண்மையில் அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. தெர்மாகோல் பலகையில் பட்டுத் திரும்பும் வெயில்தான் நடிகை முகத்தில் ஆற்றின் பளபளப்பு. பாறையில் மோதும் அலைக்கு ஒருவர் தட்டால் தண்ணீரை அடித்தார். இப்படி, ஒகேனக்கல் ஆறும் நாகாவதித் தண்ணீரும் சேர்த்துத் தைத்த ஒரு துணிதான் நீங்கள் திரையில் பார்த்தது. தையல் தெரியாமல் இருக்கச் சின்னச் சின்ன விஷயங்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். ஒகேனக்கல்லில் வெயில் மாமாவின் இடது தோளில் விழுந்திருந்தது. இங்கேயும் இடது தோளிலேயே விழ, பரிசல் நிற்க வேண்டிய திசையைக் கணக்குப் போட்டார்கள். மாமாவின் புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. நடிகையின் புடவையை அதே அளவுக்கு நனைத்தார்கள். வெயிலில் அது காய்ந்துகொண்டே இருக்கும். குவளையோடு ஒரு பெண் பக்கத்திலேயே நின்றார். ஒவ்வொரு டேக்குக்கும் முன் அவர்தான் ஊற்றுவார். கண்டினியூட்டி என்றால் எனக்கு அந்தக் குவளைதான் ஞாபகம் வரும்.

நடிகைக்குத் துடுப்பு பிடிக்க மாமாதான் சொல்லிக்கொடுத்தார். பரிசலில் படகு மாதிரி பக்கவாட்டில் துழாவ முடியாது. முன்பக்கம் துடுப்பை இறக்கி, தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கணும், துடுப்பால் எட்டுப் போடுகிற மாதிரி. "வயித்துல இருந்து இழு தாயி, தோள்ல இருந்து இழுக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் பிடிவாதக்காரி. சாப்பாட்டு இடைவேளையிலும் பரிசலை விட்டு இறங்கவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது.

அந்த வாரத்துக்குப் பிறகு நான் இரண்டு காரியங்களைப் பழக்கமாக்கிக்கொண்டேன். ஒன்று, காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கிற நீர்வரத்து இன்றைக்கு எத்தனை கன அடி என்று தினமும் காலையில் பார்ப்பது. கண்ணால் பார்த்து ஆற்றை அளக்கக் கூடாது. நீர்வரத்து கூடினால் பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை வந்துவிடும், யார் படமானாலும் நிறுத்தித்தான் ஆகணும். கர்நாடக அணைகளில் திறந்துவிட்ட செய்தி வந்தால் அதையும் உடனே யூனிட்டுக்குச் சொல்லிவிடுவேன். இரண்டு, அஞ்செட்டி பக்கம் தெரிந்தவர் ஒருவருக்கு இரவில் போன் போட்டு, "மழை உண்டாண்ணா?" என்று கேட்பது. முதலாவது தண்ணீரின் அளவைச் சொல்லும். இரண்டாவது நிறத்தைச் சொல்லும். ஆற்றில் எடுக்கிறவர்கள் ஒரே காட்சியைப் பல நாளுக்குப் பிரித்துப் போடாதீர்கள். தூரமும் நெருக்கமும் அதே நாளில் முடிகிற மாதிரி திட்டமிடுங்கள். முடியாது என்றால், தண்ணீர் ஃப்ரேமுக்குள் வராத ஷாட்டுகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

அனுமதிகளைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. ஆனால் ஒன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் ஒரு பகுதி 2014-ல் காவேரி வடக்கு வனஉயிரினச் சரணாலயம் ஆகிவிட்டது. 'ரோட்டோரம்தானே, ரெண்டு ஷாட்தானே' என்று ட்ரோனைப் பறக்கவிடக் கூடாது. அந்தக் காட்டில் யானை நடக்கிறது. நம் ஜெனரேட்டர் சத்தத்துக்கு அது எந்தப் பக்கம் திரும்பும் என்று நமக்குத் தெரியாது. அதே மாதிரி, "பின்னாடி இருபது ஆடு மேயட்டும்" என்று உதவி இயக்குநர்கள் சாதாரணமாகக் கேட்பார்கள். விலங்குகளை நடிக்க வைப்பதற்கு 2001-லிருந்து தனி விதிகள் இருக்கின்றன, விலங்குகள் நல வாரியத்திடம் முன்பே அனுமதி வாங்க வேண்டும். ஆட்டுக்காரரிடம் பேசினால் போதும் என்று நினைத்தால், படம் தணிக்கைக்குப் போகும்போது இடிக்கும்.

வீட்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது ஆறாத காயம்.

இன்னொரு படம். பாலக்கோடு பக்கம் ஒரு கொட்டாயில், அதாவது நாலைந்து வீடு உள்ள சிற்றூரில், தனியாக இருந்த ஆயா ஒருவரின் ஓட்டு வீட்டை நான்தான் பேசி வாங்கிக் கொடுத்தேன். ஆறு நாள் வேலை. ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆட்கள் சுண்ணாம்புச் சுவரில் நீலம் அடித்தார்கள். பழசாகத் தெரியணும் என்று அதன்மேல் கரி, மண், டீத்தூள் தண்ணீர் எல்லாம் பூசினார்கள். டிராலி போக இடம் போதவில்லை என்று திண்ணையின் ஓரத்தை இடித்தார்கள். "முடிச்சதும் பழையபடி பண்ணிக் கொடுத்துடுவோம்மா" என்று என் முன்னால்தான் வாக்குக் கொடுத்தார்கள். கடைசி நாள் இரவு பூசணிக்காய் உடைத்தார்கள். விடியும்போது லாரி இல்லை. கம்பெனிக்கு நான் போட்ட போன்களுக்குக் கணக்கே இல்லை.

ஆயா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "அந்தத் திண்ணையில உங்க தாத்தா குந்துவாரு" என்று மட்டும் சொன்னார். நானும் என் தம்பியும் ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய்த் திண்ணையைக் கட்டினோம், சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தோம். நீலம் உள்ளே இறங்கிவிட்டது. மூன்று கை அடித்தும் மழைக்காலத்தில் லேசாக எட்டிப் பார்க்கும்.

வீடு கொடுக்கிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். யூனிட் வாசலில் கால் வைக்கும் முன் ஒவ்வொரு சுவரையும், தரையையும், கூரையையும் போட்டோ எடுத்து வையுங்கள். என்ன மாற்றுவார்கள், யார் திருப்பிச் சரிசெய்வது, எந்தத் தேதிக்குள் என்று தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாடகை தவிர, சீர் செய்வதற்கென்று தனியாக ஒரு தொகையை முன்பணமாகப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடித்துக் கொடுத்ததும் திருப்பித் தந்துவிடலாம். நல்ல கம்பெனிகள் இதற்கு முகம் சுளிப்பதில்லை. முகம் சுளிக்கிற கம்பெனிக்கு நான் வீடு பார்த்துக் கொடுப்பதில்லை.

பரிசல் படம் வந்தபோது மாமாவைத் தருமபுரிக்கு அழைத்துப் போனேன். முதல் வாரம், மாலைக் காட்சி. அந்த இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். தையல் எங்கே விழுகிறது என்று எனக்குத் தெரிந்ததால் நான் வியர்த்துக்கொண்டிருந்தேன். தியேட்டரில் யாருக்கும் தெரியவில்லை. மாமா நடிகையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இழுக்குது" என்றார் மெதுவாக. கொஞ்ச நேரம் கழித்து முகம் மாறியது.

"இது என்னா சத்தம்? கிறீச்சு கிறீச்சுங்குது?"

துடுப்புச் சத்தம். அருவிப் பக்கத்தில் பேசுகிற வசனம் எதுவும் நேரடியாக உபயோகப்படாது. அங்கே பதிவாவது பைலட் டிராக் மட்டும், டப்பிங்கில் உதடு சேர்க்க உதவும் அவ்வளவுதான். வசனம், காலடி, தண்ணீர், துடுப்பு எல்லாமே சென்னையில் ஒலிக்கூடத்தில் தனித்தனியாகச் சேர்ப்பார்கள். யாரோ மரப்படகின் துடுப்புச் சத்தத்தைப் போட்டிருக்கிறார்கள், துடுப்பு கட்டையில் உரசுகிற சத்தம். பரிசலில் துடுப்பை மாட்டுவதற்கு ஏது கட்டை? மூங்கில் நெகிழும், அடியில் தண்ணீர் 'தொப்பு தொப்பு' என்று தட்டும். மாமா அன்று வீடு வரும்வரை அதையேதான் பேசினார். தான் புடவை கட்டியதைப் பற்றியோ, முகம் தெரியாததைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

அதற்குப் பிறகு எந்த யூனிட் வந்தாலும், ஷூட்டிங் முடிந்த மறுநாள் சவுண்ட் ஆள் ஒருவரை மட்டும் ஒரு நாள் கூடுதலாக நிறுத்தச் சொல்லிக் கேட்பேன். பெரும்பாலும் பட்ஜெட் இல்லை என்பார்கள். இதைப் படிக்கிற குறும்படத் தம்பிகளுக்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு: எடுக்கிற ஒவ்வொரு இடத்திலும், எல்லோரையும் இரண்டு நிமிஷம் வாய்மூடி நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். ஜெனரேட்டரை அணைத்துவிட்டு. அருவிக்கு நேர் எதிரே மைக்கை நீட்டினால் வெறும் 'ஸ்ஸ்ஸ்' என்றுதான் வரும், எந்த அருவியும் ஒன்றுபோலவே கேட்கும். பாறைக்குப் பின்னால், ஓரத்தில், தண்ணீர் கல்லிடுக்கில் நுழைகிற இடத்தில் தனித்தனியாக எடுங்கள்.

ஒரு நவம்பரில் ஒருவர் நிஜமாகவே நின்றார். இளம்வயது ஒலிப்பதிவாளர். விடியற்காலை நாலு மணிக்கு மாமா பரிசலை எடுத்தார், நான் டார்ச் பிடித்தேன். மீன் வறுக்கும் கடைகள் திறக்கவில்லை, சுற்றுலா வண்டி எதுவும் இன்னும் மலையிறங்கவில்லை. அவர் பரிசல் தரைக்குப் பக்கத்தில் ஒரு மைக், வெளியே ஒரு மைக் என்று கட்டினார். மாமா எட்டுப் போட்டு எட்டுப் போட்டு, நீரோட்டத்துக்கு எதிராக மெல்ல ஏறினார். இருபது நிமிஷம் மூவரும் பேசவில்லை.

கரைக்கு வந்ததும் அவர் ஹெட்போனைக் கழற்றி மாமா காதில் வைத்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டார். வாழ்நாள் முழுக்கக் கேட்ட ஆறு அது. ரொம்ப நேரம் கேட்டார். பிறகு கண்ணைத் திறக்காமலே இடது காதைத் தொட்டுக் காட்டி, "இந்தப் பக்கம் சின்னாறு வந்து சேர்றது தனியாக் கேக்குது மாப்ளே" என்றார்.